தகர வில்லையும் இ-சிம்மும்

வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த இ-சிம் வாங்கலாம் என்பது இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி. ஆய்வரங்குக்காக மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும் ஆசிரியர்கள், பேரக்குழந்தையைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் பெற்றோர், வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாக வேலைக்குப் போகும் இளைஞர்கள் என எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்வோர் விலையையும் எத்தனை ஜி.பி. என்பதையும் சொல்லி முடித்துவிடுகின்றனர். அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆயினும் அக்கேள்விக்குள் இன்னொரு பழைய கேள்வி ஒளிந்திருக்கிறது. அயல் மண்ணில் கால் வைக்கும் ஒருவரைச் சுட்டி, ‘இவர் எங்கள் ஆள், இவருக்காகும் செலவை நாங்கள் ஏற்கிறோம்’ என்று பிணை நிற்பவர் யார்? இந்த இரண்டாவது கேள்வியின் வரலாற்றைச் சற்றுப் பின்தொடர்ந்துவிட்டு முதல் கேள்விக்குத் திரும்பலாம் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அதைப் புதுப்பட்டினத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். பட்டினம் என்றால் கடற்கரைப் பேரூர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணிப்போர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய ஊராக மட்டுமே இதனை அறிவர். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்களை நோக்கினால் பெயரின் பொருள் விளங்கும். அருகிலேயே சதுரங்கப்பட்டினம், டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் துணி வாணிகத்துக்காக வந்து தங்கிய ஊர். அவர்களுடைய கோட்டையின் மிச்சமும், எழுத்துப் பொறித்த கல்லறைகளும் இன்றும் அங்கே உள்ளன. வடக்கே மாமல்லபுரம். பெரும்பாணாற்றுப்படை கூறும் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் மாமல்லபுரமாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர் உண்டு. அத்துறையில் இரவில் கலங்களை அழைக்க விளக்கெரிந்த உயர்ந்த மாடத்தையும் அந்நூல் குறிக்கிறது. கடலுக்குப் போவதும் கடலிலிருந்து வருவதும் இக்கரைக்குப் புதிதல்ல. போனவர்கள் அங்கே யாருடைய பெயரைச் சொல்லி நின்றார்கள் என்பதே நாம் காண வேண்டுவது.

* * *

தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற ஊர் இருக்கிறது. அங்கே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சிதைந்த கல்வெட்டுதான், எனினும் செய்தி தெளிவு. நாங்கூருடையான் ஒருவன் குளம் ஒன்றைத் தோண்டுவித்தான். அக்குளத்துக்கு அவனிநாரணம் என்று பெயர். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். குளம் மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக விடப்பட்டது.

மணிக்கிராமம் என்பது வணிகக் குழு. அதன் உறுப்பினர் எந்தத் துறையில் இறங்கினாலும் அக்குழுவின் பெயர் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது. கடன் கொடுப்பவனும் சரக்கு வாங்குபவனும் தனி மனிதனை நம்பவில்லை, குழுவை நம்பினர். சுமத்ராவின் பாரூஸ் அருகே கிடைத்த, 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் என்னும் இன்னொரு பெருங்குழு இடம்பெறுகிறது. அத்துறைக்கு வரும் மரக்கலத்தைச் சேர்ந்தோர் எவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்பதை அக்குழு அங்கேயே வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தது. பிணையும் கட்டணமும் சேர்ந்தே வருவதை இங்கே காண்கிறோம். உனக்காக ஒருவர் பொறுப்பேற்கிறார் என்றால், அதற்கான செலவு எங்கோ ஒரு கணக்கில் எழுதப்படுகிறது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மணிக்கிராமத்தானுக்குப் பிணை நின்றது அவன் தானே உறுப்பினனாக இருந்த குழு. அடுத்து வரும் காலத்தில் இது தலைகீழாகிறது.

* * *

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர் அதில் இருந்தனர். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவை பதிவாயின. மாவட்டம் என்ற இடத்தில் செங்கல்பட்டு பலமுறை வருகிறது. இக்கரையின் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள் அவர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எண் இருந்தது. குடியேற்ற எண் என்று அதனைச் சொல்லலாம். பெயரை எழுத்தர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார்; ஒரே முனுசாமி மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். ஊர்ப் பெயரும் அப்படியே உருக்குலைந்தது. ஆள் யார் என்பதை மயக்கமின்றிச் சொன்னது அந்த எண் ஒன்றுதான். எந்த முதலாளியிடம் ஒப்பந்தம், எப்போது அது முடிகிறது, திரும்பிச் செல்லும் உரிமை உண்டா என்பனவெல்லாம் அதைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டன. இன்றைக்கும் முன்னோரின் ஊரைத் தேடும் தென்னாப்பிரிக்கத் தமிழர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். கொள்ளுத்தாத்தாவின் முகம் தெரியாது, ஊர் தெரியாது. எண் தெரிந்தால் மற்றவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

நேட்டாலுக்குப் போனவர்கள் அரசின் ஒப்பந்தத்தில் போனவர்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை இட்டுச் சென்றது கங்காணி முறை. அவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதியினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தகர வில்லை முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்ட பின் அது வேரூன்றியது. புறப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகர வில்லை கொடுக்கப்படும். தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும், ஆளைக் குறிக்கும் வரிசை எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழிநெடுக ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், முகாம் உணவு ஆகிய எதற்கும் அந்த ஆள் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியதில்லை. வில்லையைக் காட்டினால் போதும். செலவு அதிலிருந்த எண்ணின்படி தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டமோ அதனைத் தொழிலாளியின் கடனில் எழுதிக்கொள்ளும்.

ஆக, வேலை தொடங்கும் முன்னரே அவர் கடனாளி. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்கு மாற இயலாது. மாறுவதானால் பழைய தோட்டத்துத் துரை ‘துண்டு’ எழுதித் தர வேண்டும். இன்ன தொகை கொடுத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பதே துண்டின் சாரம். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொண்டது. கடன் இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தகர வில்லையைத் தாங்கியவருக்கும் பிணை இருந்தது உண்மை. ஆனால் பிணை நின்றவர் யார் என்பதையோ எந்த விதிகளின்படி நின்றார் என்பதையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் அறிந்திருக்கவும் இல்லை.

* * *

ஆட்கள் இப்படிப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில் செய்திக்கும் கடலடியில் வழி பிறந்தது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் 1870இல் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டு, அடுத்த ஆண்டில் போக்குவரத்து தொடங்கியது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். வணிக நிறுவனங்களும் அரசும் பயன்படுத்தின. சாதாரண மக்களுக்கோ தந்தி என்பது சாவுச் செய்தியாகவே அறிமுகமாயிற்று. சைக்கிளில் தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தால் உறையைப் பிரிக்கும் முன்பே அழத்தொடங்கிய வீடுகள் நம் தலைமுறைக்கும் நினைவில் உண்டு. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. 1990களில் தெருவுக்குத் தெரு வந்த ஐ.எஸ்.டி. பூத்துகளும் அதற்குள் மறைந்துவிட்டன.

தந்தியிலும் பூத்திலும் ஒரு பொதுத்தன்மை இருந்தது. அவை இடத்தோடு பிணைந்தவை. அஞ்சலகத்துக்கு முகவரி உண்டு, பூத்துக்கு எண் உண்டு. அங்கே வந்து நிற்பவருக்குத் தனி அடையாளம் தேவையில்லை. காசு கொடுத்தால் பேசலாம். தொலைபேசி ஆளோடு சேர்ந்து நகரத் தொடங்கியபோதுதான், ‘இந்த ஆள் யார், இவர் செலவை யார் கொடுப்பார்’ என்ற பழைய கேள்வி மீண்டது.

அதற்கான விடையே சிம் அட்டை. 1991இல் ஜெர்மனியின் கீசெக்கே-டெவ்ரியண்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்காக முதல் சிம் அட்டைகளைச் செய்து கொடுத்தது. அன்று அது வங்கி அட்டை அளவில் இருந்தது. பிறகு குறுகிக்கொண்டே வந்து, 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர் என்னும் நானோ அளவை எட்டியது. சென்னையில் 1995இல் செல்பேசிச் சேவை தொடங்கியபோது ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என இரண்டு நிறுவனங்கள் இருந்தன. வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலம் அது.

சிம் அட்டைக்குள் இருக்கும் முக்கியமான செய்தி நாம் பிறருக்குச் சொல்லும் பத்து இலக்கச் செல்பேசி எண் அன்று. 15 இலக்கம் வரை கொண்ட வேறோர் எண் அதில் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்: இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525. அடுத்த சில இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சியவை ஆளைக் குறிக்கும். நாம் சிங்கப்பூரில் இறங்கிச் செல்பேசியை உயிர்ப்பித்ததும் அது அங்குள்ள வலையமைப்பிடம் இந்த எண்ணைச் சொல்கிறது. அந்த வலையமைப்பு எண்ணைப் படித்து, இங்குள்ள நிறுவனத்திடம் ‘இவர் உங்கள் ஆள்தானா?’ என்று கேட்கிறது. சிம்முக்குள் ஒரு மறைதிறவு இருக்கிறது. அது அட்டையை விட்டு வெளியே வருவதேயில்லை. அதைக் கொண்டு ஆளின் உண்மை உறுதிசெய்யப்பட்டதும் சேவை கிடைக்கிறது. பின்னர் இரு நிறுவனங்களும் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கின்றன. ரோமிங் எனப்படுவது இதுதான். அதற்கான முதல் உடன்படிக்கை 1992இல் பின்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே இரு நிறுவனங்கள் செய்துகொண்டது.

தகர வில்லையில் தோட்ட எண், ஆள் எண். சிம்மில் நாட்டு எண், நிறுவன எண், ஆள் எண். காட்டினால் வழி திறக்கும். செலவு வேறிடத்தில் எழுதப்படும். இந்த ஒப்புமை அமைப்பைப் பற்றியது மட்டுமே. கூலித் தமிழர் பட்ட துன்பத்தையும் சுற்றுலாப் பயணியின் சில நூறு ரூபாய்க் கவலையையும் ஒரே தட்டில் வைப்பது அறமாகாது. ஆனால் அமைப்பு ஒன்றாக இருப்பதால் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றாகவே இருக்கிறது.

* * *

இ-சிம் இந்த அமைப்பில் செய்த மாற்றம் யாது? அட்டை மறைந்தது என்பது மேலோட்டமான விடை. செல்பேசிக்குள்ளேயே பற்றவைக்கப்பட்ட ஒரு சில்லு இருக்கிறது. பிணையளிக்கும் நிறுவனத்தின் விவரங்கள் முழுவதும் இணையம் வழியே அதில் வந்து இறங்குகின்றன. ஒரே சில்லில் பல நிறுவனங்களின் விவரங்களை வைத்துக்கொள்ளலாம். வேண்டியதை இயக்கலாம், வேண்டாததை நிறுத்தலாம். செல்பேசிகளுக்கும் கைக்கடிகாரங்களுக்குமான பொதுவரையறை 2016இல் வந்தது. 2018இல் ஐபோன்களில் இடம்பெற்ற பின் அது பரவியது. 2022 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய ஐபோன்களில் சிம் செருகும் இடமே இல்லை.

இதன் விளைவாக, நம் அடையாளத்துக்குப் பிணை நிற்பவரையும், அயல்நாட்டில் இணையச் செலவுக்குப் பிணை நிற்பவரையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடிகிறது. வங்கியும் அரசும் அறிந்த நம் எண் ஒரு நிறுவனத்திடம் இருக்கும். பத்து நாளைக்கு டேட்டா தருபவர் வேறொருவராக இருப்பார். தெரிந்தெடுப்போருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, நம் நிறுவனத்தின் ரோமிங் திட்டமே. பிணையாளி மாறுவதில்லை. நம் எண்ணிலேயே பேசலாம், வங்கியின் ஓ.டி.பி. வரும். டேட்டா அளவைக் கொண்டு பார்த்தால் பெரும்பாலும் விலை கூடுதல். சில நாள் பயணத்துக்கும், அழைப்புகளைத் தவறவிட முடியாதவர்க்கும், புதிய கருவிகளோடு போராட விரும்பாத முதியோர்க்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாம் வழி, போகும் நாட்டின் சிம்மையே வாங்குவது. கடவுச்சீட்டைக் காட்டிப் பதிய வேண்டும். அந்நாட்டு எண் கிடைக்கும். டேட்டா மலிவாக இருக்கும். மாதக்கணக்கில் தங்குவோர்க்கும் வேலைக்குப் போவோர்க்கும் இதுவே உகந்தது.

மூன்றாம் வழி, பயண இ-சிம் விற்கும் இடைநிலை நிறுவனங்கள். கியூ.ஆர். கோடு அனுப்புவார்கள், ஸ்கேன் செய்தால் முடிந்தது. பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை. பேசுவதற்கான எண் இராது. இங்கேதான் பழைய கேள்வி கூர்மை பெறுகிறது. விற்பவர் ஒருவர். அவர் மொத்தமாக வாங்கும் வலையமைப்பு பெரும்பாலும் மூன்றாவது ஒரு நாட்டினுடையது. மலேசியாவில் நிற்கும் தமிழர் அங்குள்ள கோபுரத்தின் கண்ணுக்கு ஐரோப்பாவிலோ ஹாங்காங்கிலோ உள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆளாகத் தோன்றக்கூடும். அவருடைய இணையப் போக்குவரத்தும் அந்த நாட்டின் வழியே சுற்றி வரலாம். வேகம் குறைவதும், சில வங்கிச் செயலிகள் திறக்க மறுப்பதும் இதனால்தான். குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதும் தெளிவாக இராது.

ஆதலால் வாங்கும் முன் கேட்க வேண்டியவை இவை. நம் செல்பேசி இ-சிம்மை ஏற்குமா? *#06# என அழுத்தினால் 32 இலக்க இ.ஐ.டி. எண் தோன்றினால் ஏற்கும் என்று பொருள். அது ஒரே நிறுவனத்துக்கெனப் பூட்டப்பட்ட செல்பேசியா? வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த செல்பேசிகளில் இப்பூட்டு இருக்க வாய்ப்புண்டு. கடனுள்ள வரை வேறிடம் போகக்கூடாது என்னும் துண்டின் நிழல் இதில் தெரிகிறது. போகும் நாட்டில் எந்த வலையமைப்பில் இணையும்? ‘அன்லிமிடெட்’ என்றால் எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறையும்? ஹாட்ஸ்பாட் வழியே உடன் வருபவர்க்குப் பகிரலாமா? நாள்கணக்கு இறக்கிய நேரத்திலிருந்தா, அயல்நாட்டு வலையமைப்பில் முதலில் இணைந்த நேரத்திலிருந்தா? கியூ.ஆர். கோடு பெரும்பாலும் ஒரே முறைதான் செல்லும். புறப்படும் முன்பே வீட்டு வைஃபையில் இறக்கிவிடுவது நல்லது. பயணம் முடியும்வரை அதை அழிக்கக் கூடாது.

நம் சொந்த சிம்மைப் பற்றியும் ஒரு சொல். அதனை அணைத்துவிட வேண்டாம். சர்வதேச ரோமிங் வசதியை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வைத்தால் ஓ.டி.பி. குறுஞ்செய்திகள் வந்து சேரும். நீண்ட நாள் தங்குவோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். 90 நாள் எவ்விதப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். பின்னர் அது வேறொருவருக்குப் போகும். வங்கிக் கணக்கு, ஆதார், வாட்ஸாப் எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. வேலைக்குப் போன இடத்தில் ஊர் எண்ணைக் காப்பாற்ற ரீசார்ஜ் செய்துகொண்டே இருப்பவர்கள் வீண்செலவு செய்வதாகச் சிலர் எண்ணலாம். அவர்கள் காப்பது ஊரில் தமக்குள்ள இருப்பை.

* * *

அரசும் இந்தப் பிணையைக் கவனித்தே வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று தேவை. அச்சான்றின்றி விற்றதற்காக ஏர்அலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரு நிறுவனங்களின் தளங்களையும் செயலிகளையும் முடக்குமாறு 2024 ஜனவரியில் உத்தரவிடப்பட்டது. யாரென்று தெரியாதவர் கையில் ஒரு நாட்டின் எண் சென்றால் மோசடிக்கு வழி பிறக்கும் என்னும் அச்சம் அதன் பின்னால் உண்டு. அச்சம் நியாயமானதே. நாமும் விற்பவரிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்: எங்களுக்குப் பிணை நிற்கும் நீங்கள் யார், எந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்பவர்?

ட்ரூரோவில் ஏறியவர்க்கு அப்படிக் கேட்க வாய்ப்பில்லை. வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர்க்கும் இல்லை. நாம் கேட்கலாம்; ஆனால் ‘விதிகளை ஏற்கிறேன்’ என்ற கட்டத்தைப் படிக்காமலே தட்டிவிடுகிறோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் ஐ2ஐ என்ற ஒளியிழைக் கம்பியும், 2004இல் டாட்டாவின் கம்பியும் கடலடியில் இடப்பட்டன. மணிக்கிராமத்தாரின் கலங்கள் போன கீழைக்கடல்தான் அது. அவர்கள் துறை சேரும் முன் தம் குழுவின் பெயரையும் அதன் விதியையும் அறிந்திருந்தார்கள். விலையைப் பார்க்கும் நேரத்தோடு இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் நாமும் அறிந்துகொள்ளலாம்.